சர்க்கரைக்கு அசையாத மீட்டர்

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், மாதம் ஒரு ப்ராஜெக்ட் தருகிறார்கள். போன மாதம் சூரியக் குடும்பம். தெர்மாகோல், பெயின்ட், கம்பி என்று 700 ரூபாய் செலவு. இரவு பதினொன்று வரை அம்மாவும் அப்பாவும்தான் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். இப்போது பக்கத்தில் ஒரு புதுப் பள்ளி வந்திருக்கிறது. அங்கே முழுக்க ப்ராஜெக்ட் வழியாகத்தான் பாடமாம், ஃபீஸும் கூடுதல். "இதில் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை எல்லாம் விளம்பரமா? பரீட்சைக்குப் படிக்கிற நேரம் வீணாகாதா?"

பயன் உண்டு. ஆனால் நீங்கள் பதினொன்று வரை கண்விழித்துச் செய்தது அந்தக் கணக்கில் வராது. அன்றைக்கு யாராவது எதையாவது கற்றுக்கொண்டிருந்தால் அது நீங்கள்தான்: தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி விழும் என்பதை. (எல்லா வீட்டிலும் ஒரு வியாழன் கிரகம் இப்படித்தான் போகும்.)

நான் சிவகங்கைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 22 வருடமாக அறிவியல் எடுக்கிறேன். முதல் ஆறேழு வருடம் நானும் இதே பாவத்தைச் செய்தவன்தான். களிமண்ணில் எரிமலை, உள்ளே சோடா உப்பு, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். நுரை பொங்கி வழியும், எல்லோரும் கைதட்டுவார்கள். ஒருமுறை கண்காட்சிக்கு வந்த நடுவர், "நிஜ எரிமலையிலிருந்து வெளியே வருவது என்னப்பா?" என்று கேட்டார். என் மாணவன் கொஞ்சமும் தயங்காமல் "வினிகர் சார்" என்றான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் கையில் நான் கொடுத்தது வினிகர், அதைச் சொன்னான்.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். அந்த 40க்குள் செயல்திட்டம், அதாவது ப்ராஜெக்ட், வந்தது. எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் மதிப்பெண் போடக் கையில் ஒரு பொருள் வேண்டும், அதைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதனால் சார்ட் வந்தது. சார்ட் வந்ததும் ஃபேன்சி ஸ்டோர்க்காரர் படத்தாளை வாங்கித் தொங்கவிட்டார். அப்புறம் ரெடிமேட் மாடலே வந்துவிட்டது. ஆசிரியரையோ பெற்றோரையோ தனியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரே நாளில் மதிப்பெண் போட்டு முடிக்க சார்ட்டை விட வசதியான சாமான் கிடையாது.

சரி, அப்படியானால் எது ப்ராஜெக்ட்? நான் பார்ப்பது இரண்டே விஷயம். கேள்விக்கு விடை ஆசிரியருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. அந்த விடைக்காகப் பள்ளிக்கு வெளியே யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள் என்பது எனக்கும் தெரியும், உங்கள் மகளுக்கும் தெரியும். அதைத் தெர்மாகோலில் சொன்னாலும் தாளில் சொன்னாலும் புதிதாக ஒன்றும் நடக்கப்போவதில்லை.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒன்று 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, கணக்கிட்டு, அறிக்கை எழுதி வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் இதை எடுத்துச் செய்கிறார்கள். எரிமலைக் கதைக்குப் பிறகு, அவர்கள் நடத்திய ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போய்த்தான் எனக்கே வெட்கம் தெளிந்தது. அங்கே மாடல் கிடையாது. நாட்குறிப்பு நோட்டைக் கேட்பார்கள்.

எங்கள் ஊரில் எப்போதும் உள்ள பேச்சு தண்ணீர். ஊருணித் தண்ணீர் நல்ல தண்ணீர், வடக்குத் தெரு அடிபம்பு சப்பு, பள்ளிக்கூட போர்வெல் உப்பு என்று பெண்கள் சொல்வார்கள். எவ்வளவு உப்பு என்று யாரும் அளந்ததில்லை. எனக்கும் தெரியாது. எட்டாம் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். நானூறு ரூபாய்க்குள் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினோம். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் நுனியை முக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பொருள் கரைந்திருக்கிறது என்று எண் காட்டும்.

முதல் நாளே சண்டை. "இந்த மீட்டர் சொல்வது சரி என்று எப்படி நம்புவது?" என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டது என்னிடம், எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்து, கேன் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பைக் கரைத்துப் பார்க்கலாம், எண் ஏறக்குறைய ஆயிரம் ஏற வேண்டும் என்றேன். ஒரு கிராமை எதில் நிறுப்பது? மளிகைக் கடைத் தராசு அதற்கு அசையாது. ஒரு பையன் உப்புப் பொட்டலத்தோடு நகைக்கடைக்குப் போய்விட்டான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தங்கம் நிறுக்கிற தராசில் நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தாராம். கரைத்தோம். மீட்டர் ஆயிரத்தை ஒட்டிப் போய் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். சத்துணவுக் கூடத்துப் பக்கம் நின்ற இன்னொருவன், "சார், சர்க்கரை போட்டா?" என்றான். போட்டோம், ஒரு கைப்பிடி. மீட்டர் அசையவே இல்லை. "ரிப்பேர் சார்" என்றார்கள். மறுபடி உப்புத் தண்ணீரில் முக்கினால் ஆயிரம். சர்க்கரைத் தண்ணீரில் முக்கினால் பழைய எண். ஒரு பீரியட் முழுக்க மீட்டரைக் குலுக்குவதும் துடைப்பதும்தான் வேலை. நான் வாயைத் திறக்கவில்லை. வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அந்த முக்கால் மணி நேரம் சும்மா இருந்ததுதான். மறுநாள் பாடப்புத்தகத்தில் மின்பகுளி வருகிற பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். உப்பு கரைந்தால் அயனியாகப் பிரிகிறது, மின்சாரம் பாய்கிறது. சர்க்கரை கரைந்தாலும் பிரிவதில்லை. மீட்டர் கரைந்த பொருளை எடை போடவில்லை, மின்கடத்தலைத்தான் அளந்து ஒரு பெருக்கல் போட்டுக் காட்டுகிறது. மற்ற வருடங்களில் இதே பக்கத்தை நடத்தும்போது பின் பெஞ்சில் கொட்டாவி கேட்கும். அன்றைக்கு "அப்போ கிருமி இருந்தா இது காட்டாதா சார்?" என்ற கேள்வி வந்தது. காட்டாது. வாட்டர் பில்ட்டர் விற்க வருகிறவர் உங்கள் வீட்டில் இந்த மீட்டரை முக்கிப் பயமுறுத்தினால் நீங்களும் இதையே கேட்கலாம்.

அடுத்து கிணற்று நீர்மட்டம். ஐந்து பேரும் இரண்டு குழுவாகப் பிரிந்து, கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தார்கள். ஒரே கிணறு, ஒரே நாள், இரண்டு குழு, இரண்டு எண், இரண்டரை அடி வித்தியாசம். நீ ஏமாற்றிவிட்டாய், நான் ஏமாற்றவில்லை என்று அழுகை வரை போய்விட்டது. கடைசியில் பார்த்தால் ஒரு குழு கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேலிருந்து அளந்திருக்கிறது, இன்னொரு குழு தரையிலிருந்து. எங்கிருந்து அளப்பது என்று முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை எந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தாலும் அது தலைக்கு மேல் போய்விடும். அந்த ஐந்து பேருக்கும் அது மறக்காது. ஏனென்றால் அழுதிருக்கிறார்கள்.

இருபதுக்கும் மேல் கிணறு, போர், அடிபம்பு எல்லாம் அளந்து, தெரு வரைபடத்தில் வண்ணப் புள்ளி வைத்தார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. எங்கள் ஊரில் இரண்டு போர் 2000ஐத் தாண்டியது.

இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. அறிக்கையை மாநாட்டுக்கு மட்டும் கொண்டுபோயிருந்தால் சான்றிதழோடு முடிந்திருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினோம். பிள்ளைகள் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் "நல்ல முயற்சி" என்று சொல்லி அடுத்த தீர்மானத்துக்குப் போகப் பார்த்தார். வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏம்மா, நீங்க கோடையில அளந்தீக. மழை பேஞ்சா எங்க கிணறு தெளிஞ்சுரும். அதையும் உப்புன்னு எழுதிப்புட்டா எப்படி?" என்று கேட்டார். பிள்ளைகளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. முகம் செத்துப்போய்த் திரும்பினார்கள்.

ஆனால் டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயம், நான் சொல்லாமலே மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாநாடு முடிந்துவிட்டது, மதிப்பெண் போட்டாகிவிட்டது, இனி இதனால் எந்தச் சான்றிதழும் கிடையாது. பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அளந்ததில் பெரியவர் சொன்னது பாதி சரி. ஊருணியை ஒட்டிய கிணறுகளில் உப்பு நன்றாக இறங்கியிருந்தது, தள்ளி இருந்த கிணறுகளில் கொஞ்சம்தான். ஆழமான போர் இரண்டும் அப்படியே நின்றன. ஜனவரி 26 கிராம சபையில் இதைச் சொன்னபோது பெரியவர் தலையாட்டினார். "அப்ப ஊருணி வரத்துக்காலைத் தூர் வாரணும்னு எழுதுங்க" என்றார். தீர்மானத்தில் ஏறியது. தூர் வாரியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அது வேறு கதை.

மறுபடி அளக்க வைத்தது என் மிரட்டலும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. வெளியாள் ஒருவர் உண்மையாகவே கேட்ட ஒரு கேள்வி. வெளிநாட்டில் இதில் பேர் வாங்கிய ஆசிரியர்களும் இதையே வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரான் பெர்கர் என்ற ஆசிரியர் மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தன் மாணவர்களை வைத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தவர். அவர் காட்டும் ஓர் உதாரணம் உண்டு. ஐடஹோ மாநிலத்து போய்சி நகரில் ஆஸ்டின் என்ற முதல் வகுப்புப் பையன், புகைப்படத்தைப் பார்த்து ஒரு வண்ணத்துப்பூச்சி வரைந்தான். முதல் படம் எல்லாக் குழந்தையும் வரைகிற மாதிரிதான். வகுப்புப் பிள்ளைகள் "இறக்கை முக்கோணமா இருக்கணும்" என்பது போல ஒவ்வொரு முறையும் குறிப்பாகச் சொல்லச் சொல்ல, ஆறாவது படம் வந்தபோது பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். "நல்லா இருக்கு" என்று பாராட்டி முதல் படத்தையே சுவரில் ஒட்டியிருந்தால் அந்த ஆறாவது படம் பிறந்திருக்காது. நம் பள்ளிகளில் ப்ராஜெக்டுக்கு ஒரே ஒரு சமர்ப்பிக்கும் தேதிதான். திருத்தி மறுபடி கொண்டுவர இடமே இல்லை. சார்ட் பிரச்சினையின் பாதி அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இது ஏதோ மேற்கிலிருந்து இறங்கிய புதுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் பேசியது ஏறக்குறைய இதைத்தான். கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கணக்கும் அறிவியலும் மொழியும். ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது. சேவாகிராமத்தில் அதை நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். நம் பக்கம் ஆதாரக் கல்வி என்று பெயர். ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்த பெரியவர்களைக் கேளுங்கள், பலருக்கும் நூல் நூற்கிற கைக்கதிரான தக்ளியைச் சுற்றிய பீரியட்தான் ஞாபகம் இருக்கும். நூலின் நீளத்தில் எந்தக் கணக்கு ஒளிந்திருந்தது என்பது ஞாபகம் இருக்காது. தக்ளிக்கு நேர்ந்ததுதான் இப்போது சார்ட்டுக்கும் நேர்ந்திருக்கிறது.

இனி உங்கள் பரீட்சைக் கவலை. அது நியாயமான கவலை, அதை மழுப்பப் போவதில்லை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் வழக்கமான பாடம், மறுபகுதியில் ப்ராஜெக்ட் வழிப் பாடம். பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படித்து எழுதுகிற ஏ.பி. என்கிற பொதுத்தேர்வில் ப்ராஜெக்ட் வகுப்பில் தேர்ச்சி சுமார் 8 சதவீதப் புள்ளி கூடுதல். அங்கே ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே பயிற்சியும் வருடம் முழுக்கக் கைதாங்கலும் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மறுபக்கம், இங்கிலாந்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில் வாசிப்பு, எழுத்துத் திறனில் தெளிவான முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சறுக்கலே இருந்திருக்கலாம் என்றார்கள். பல பள்ளிகள் இடையில் விலகியதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவர், புதிதாகப் படிக்கிறவனை வழிகாட்டாமல் "நீயே கண்டுபிடி" என்று விட்டால் அவன் தலை சுமை தாங்காமல் திணறும் என்று எழுதினார்கள். என் அனுபவத்தில் அவர்கள் சொன்னது முற்றிலும் சரி.

அதனால்தான் நான் சராசரி எடுப்பது, வரைபடம் போடுவது, அலகு மாற்றுவது மூன்றையும் கரும்பலகையில் பழைய முறையில் நடத்தி, பத்துக் கணக்கு போடவைத்த பிறகே கிணற்றுக்கு அனுப்புகிறேன். சராசரி தெரியாத பிள்ளை இருபது எண்ணோடு நின்றால் பாவம், அடுத்தவனைப் பார்த்து எழுதும். முழுக்க முழுக்க ப்ராஜெக்டாகவே எல்லாப் பாடமும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். வருடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு, பதினைந்து பீரியட். மாதம் ஒன்று என்பது ஃபேன்சி ஸ்டோருக்கு நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலரும் சொல்வதில்லை. குழு என்று விட்டுவிட்டால் பையன்கள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள், பெண்பிள்ளைகள் உட்கார்ந்து அழகாக எழுதுவார்கள். "அவ கையெழுத்து நல்லா இருக்கும் சார்" என்று காரணமும் வைத்திருப்பார்கள். அழகாக எழுதியவளுக்குக் கிணற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் வாரம் ஒருமுறை வேலையை மாற்றிவிடுவேன். முணுமுணுப்பு வரும், பரவாயில்லை.

புதுப் பள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். வரவேற்பறையில் பளபளவென்று வைத்திருக்கும் மாடல்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன வருடம் ஏதாவது ஒரு ப்ராஜெக்டுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அடித்தல், திருத்தல், தப்பான எண், தேதி எல்லாம் கலந்து அழுக்காக இருந்தால் நல்ல அறிகுறி. அப்படி ஒரு நோட்டே இல்லை என்றாலோ, எல்லா நோட்டும் ஒரே மாதிரி சுத்தமாக இருந்தாலோ, கூடுதல் ஃபீஸ் எதற்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் ஒரு பிள்ளையிடம் "நீ செஞ்சதுல எது தப்பாப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும்.

இப்போதைய பள்ளியிலேயே தொடர்ந்தாலும் அடுத்த ப்ராஜெக்ட் வரத்தான் போகிறது. இந்தப் பருவத்தில் பெரும்பாலும் "நீரைச் சேமிப்போம்" என்றுதான் கொடுப்பார்கள். குழாயிலிருந்து சொட்டு விழுகிற படத்தைத் தேடி ஓடாதீர்கள். வீட்டில் ஒழுகுகிற குழாய் ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் அடியில் ஒரு டம்ளரை வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். டம்ளரில் எத்தனை மில்லி பிடிக்கும் என்பதை அவளே எப்படியாவது கண்டுபிடிக்கட்டும். காலையில் ஒருமுறை, மேல்தொட்டி நிறைந்திருக்கும்போது ஒருமுறை, தொட்டி காலியாகப் போகும் நேரத்தில் ஒருமுறை. மூன்று எண்ணும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று அவள் உங்களைத்தான் கேட்பாள். தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், மாதத்துக்கு எத்தனை கேன் என்று அவள் போட்ட கணக்கோடு பிளம்பரை வரச்சொல்லும்படி வீட்டு ஓனரிடம் அவளையே பேசவிடுங்கள். வாஷர் மாற்றிய பிறகு மறுபடி டம்ளரை வைக்கட்டும். சார்ட் கட்டாயம் என்று பள்ளியில் சொன்னால் அந்த எண்களையே ஒரு சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுக்கலாம், பத்து ரூபாய்தான் ஆகும். கையெழுத்து அவளுடையதாக இருக்கட்டும், கோணல்மாணலாக இருந்தாலும். நீங்கள் பத்து மணிக்கே படுக்கப் போகலாம்.